27 சதவீதம் தேர்ச்சி என்றால் மோசமான பள்ளியா?

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகருக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆன ஒரு தாய் கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய சார்ட்டர் பள்ளி இருக்கிறது. 6 முதல் 8 வரை மூன்றே வகுப்புகள், மொத்தம் 190 பிள்ளைகள். கணிதத்தில் 27 சதவீதம் பேர்தான் தேர்ச்சி. 85 சதவீதம் பேர் வறிய குடும்பத்துப் பிள்ளைகள். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க, கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீடு தேடும் இணையதளம் அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, அது அரசுப் பள்ளிகளின் பணத்தை உறிஞ்சும் பள்ளி என்கிறார். மகளை ஆறாம் வகுப்பில் அங்கே சேர்க்கலாமா?

தேர்ச்சி, பிள்ளைகளின் பின்னணி, பணம் என்று மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: 'இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் என் மகள் பின்தங்கிவிடுவாளா?' அதை அப்படியே எழுத அவர் தயங்கியிருக்கிறார். தயங்க வேண்டியதில்லை. பெற்ற மனம் கேட்கிற கேள்வி அது. நேராகக் கேட்டால்தான் நேராகப் பதில் சொல்லவும் முடியும்.

மதுரையில் ஆறு ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தேன். அதன்பின் ஓக்லண்டில் இதே அளவுள்ள ஒரு சார்ட்டர் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கையும் தேர்வுத் தரவுகளையும் பார்த்துக்கொண்டேன். நீங்கள் குறிப்பிடும் பள்ளிக்குள் நான் போனதில்லை. ஆகவே அது நல்ல பள்ளியா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. அரசுப் பணத்தில் நடப்பது; கட்டணம் கிடையாது; நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது; இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போட வேண்டும். அதை நடத்துவது, ஊரின் வழக்கமான அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டம் அல்ல, ஒரு தனி நிர்வாகக் குழு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு நடத்துவார்கள். சொன்னபடி நடக்கவில்லை என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இதற்கான முதல் சட்டம் 1991இல் மின்னசோட்டாவில் வந்தது. கலிபோர்னியா 1992இல் இரண்டாவதாக நிறைவேற்றியது. லாப நோக்கமுள்ள நிறுவனங்கள் சார்ட்டர் பள்ளி நடத்துவதை 2019 முதல் இம்மாநிலம் தடை செய்திருக்கிறது. ஓக்லண்டில் அரசுப் பணத்தில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சார்ட்டர் பள்ளியில்தான் படிக்கிறார். நீங்கள் பார்ப்பது ஏதோ ஒரு விதிவிலக்கு அல்ல.

இனி அந்த 27 சதவீதம். இந்த மாநிலத் தேர்வில் 'தேர்ச்சி' என்பது நம் ஊரில் 35 மதிப்பெண் எடுத்துத் தேறுவது போன்றதன்று. அந்த வகுப்புக்கு வகுத்த தரத்தை எட்டியவர்களையும் தாண்டியவர்களையும் மட்டுமே அது எண்ணுகிறது; அந்தக் கோடு உயரமானது. 2023இல் கலிபோர்னியா முழுவதிலும் கணிதத்தில் அந்தக் கோட்டைத் தொட்டவர்கள் 34.6 சதவீதம் மட்டுமே. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்தால் சுமார் 23 சதவீதம். நூற்றுக்கு 85 பேர் ஏழைப் பிள்ளைகளாக இருக்கும் பள்ளியில் 27 என்பது, அதே நிலைமையில் உள்ள பிள்ளைகளின் மாநில அளவை ஒட்டியோ சற்று மேலேயோ நிற்கிறது. பத்துக்கு மூன்று என்ற மதிப்பெண்ணைப் பார்க்கும் கண்ணுக்கு இது தெரிவதில்லை. இதனால் பள்ளி சிறந்தது என்று ஆகிவிடாது. மோசமானது என்று சொல்ல அந்த எண் போதாது என்பது மட்டும் நிச்சயம்.

இதைவிட முக்கியமானது பள்ளியின் அளவு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சின்னப் பள்ளியின் ஓராண்டு முடிவுக்கு அது பொருந்தாது. ஒரு வகுப்பில் 60 பேர் தேர்வு எழுதி 16 பேர் தேறினால் 27 சதவீதம். அடுத்த ஆண்டு 22 பேர் தேறினால் 37 சதவீதம். பத்துப் புள்ளி உயர்வு என்று பள்ளி தன் வாசலில் பதாகை கட்டும். உண்மையில் கூடியது ஆறு பிள்ளைகள். அந்த ஆறு பேர் நல்ல ஆசிரியரிடம் படித்தவர்களாக இருக்கலாம்; இயல்பிலேயே கெட்டிக்காரர்களாக இருக்கலாம்; முந்தைய ஆண்டு தேர்வன்று காய்ச்சலில் கிடந்தவர்களாகக்கூட இருக்கலாம். பெரிய பள்ளியில் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும், சின்னப் பள்ளியில் அப்படியே மேலே தெரியும். குழு பத்து பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் மாநில அரசே முடிவை வெளியிடாமல் நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறது. பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகத்தான் அந்த விதி. எண்ணின் நம்பகத்துக்கும் அது நல்லதுதான்.

நாங்கள் பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஒரே ஒரு கணித ஆசிரியர். ஓராண்டு ஜனவரியில் அவர் வேலையை விட்டார்; குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. தகுதியான ஒருவர் கிடைக்கவில்லை. மே மாதம் வரை மாற்று ஆசிரியர்கள் நான்கு பேர் வந்து போனார்கள். அந்த வசந்த காலத் தேர்வில் ஏழாம் வகுப்பின் தேர்ச்சி பாதியாகச் சரிந்தது. ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஒன்றும் ஆகவில்லை. மொத்தப் பள்ளிக்கான எண் மட்டும் வெளியே போனது. 'வீழ்ச்சி அடையும் பள்ளி' என்று எங்களைப் பற்றிப் பேசினார்கள். அந்த அறுபது பிள்ளைகள் இழந்த ஐந்து மாதத்தை எண்ணினால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. பெரிய பள்ளியாக இருந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பாதிச் சுமையைத் தாங்கியிருப்பார். ஆகவே சிறிய பள்ளியைப் பற்றி நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: கணிதம் கற்பிப்பவர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்?

இரண்டாவது கேள்வி, பிள்ளைகள் தங்குகிறார்களா என்பது. மாநிலத் தேர்வு இணையதளத்தில் வகுப்புவாரியாக எத்தனை பேர் எழுதினார்கள் என்று யாரும் பார்க்கலாம். 2022இன் ஆறாம் வகுப்பு, 2023இன் ஏழாம் வகுப்பு, 2024இன் எட்டாம் வகுப்பு என்று சாய்வாகப் படியுங்கள். பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். 66 பேரில் தொடங்கி 62 பேரில் முடிந்து, தேர்ச்சி 20 சதவீதத்திலிருந்து 31 ஆகியிருந்தால் அந்தப் பள்ளி கற்பிக்கிறது என்று தைரியமாகச் சொல்வேன். அதுவே 66இல் தொடங்கி 41இல் முடிந்திருந்தால், 31 என்ற எண் வேறு கதை சொல்கிறது. பின்தங்கிய பிள்ளைகள் வெளியேறி, காலியான இடங்கள் நிரப்பப்படாமல் விட்டாலே சதவீதம் தானாக ஏறும். யாரும் எதையும் கூடுதலாகக் கற்பித்திருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒரு பிள்ளையை வெளியேறச் சொல்லித் தூண்டுவதை இங்கே சட்டம் தடை செய்கிறது. ஆனால் வாரம் மூன்று முறை பெற்றோரை வேலையிடத்திலிருந்து வரவழைத்தால், அவர்களே சலித்துப்போய் வேறு பள்ளி பார்த்துக்கொள்வார்கள். இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பிள்ளைகளின் பின்னணிக்கு வருகிறேன். பள்ளி அறிக்கையில் நீங்கள் பார்க்கும் இனப் பிரிவுகள் மிகவும் பரும்படியானவை. கிழக்கு ஓக்லண்டில் குவாத்தமாலாவிலிருந்து வந்த 'மாம்' என்னும் மாயா மொழி பேசும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு ஸ்பானிஷும் ஆங்கிலமும் இரண்டுமே அந்நிய மொழிகள். ஆனாலும் 'லத்தீன்' என்ற ஒரே கட்டத்தில்தான் நிற்கும். வீட்டு மொழி ஸ்பானிஷ் என்று தவறாகப் பதிவாகியிருந்ததை நானே பலமுறை திருத்தியிருக்கிறேன். ஏமனிலிருந்து வந்த அரபுப் பிள்ளைகள் இத்தனை காலம் 'வெள்ளையர்' கட்டத்தில் நின்றார்கள். உங்கள் மகள் 'ஆசியர்' கட்டத்தில் நிற்பாள், வியட்நாம், சீன, கம்போடியப் பிள்ளைகளோடு. இந்தக் கட்டங்களை வைத்து வகுப்பறையைக் கற்பனை செய்தால் தவறாகத்தான் போகும்.

'ஆங்கிலம் கற்போர்' என்ற பிரிவின் எண்களில் இன்னொரு மயக்கம் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாக வந்ததும் பிள்ளை அந்தப் பிரிவிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. வென்றவர்கள் வெளியேற, புதிதாக வந்தவர்கள் உள்ளே சேர்கிறார்கள். அந்தப் பிரிவின் தேர்ச்சி எப்போதும் குறைவாகத் தெரிவது, பள்ளி எதையும் கற்பிக்கவில்லை என்பதால் அன்று. பிரிவின் வரையறையே அப்படி. எத்தனை பேர் ஓராண்டில் அந்தப் பிரிவைத் தாண்டினார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணுக்குத்தான் பொருள் உண்டு.

பின்னணி மாறும்போது தேர்ச்சியும் மாறும் என்பதற்கு ஓக்லண்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக 1996இல் அமெரிக்கன் இந்தியன் பப்ளிக் சார்ட்டர் ஸ்கூல் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் தேர்வு முடிவுகள் மாநிலத்திலேயே உயர்ந்த வரிசைக்குப் போயின. அதே ஆண்டுகளில் அங்கே பூர்வகுடிப் பிள்ளைகள் அருகி, ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பான்மை ஆனார்கள். கடுமையான ஒழுங்கும் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்தும் முறையும் எவ்வளவு உதவின, வந்து சேர்ந்தவர்கள் மாறியது எவ்வளவு உதவியது என்பதைத் தேர்ச்சிச் சதவீதத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. பண நிர்வாகம் குறித்த கேள்விகளால் 2013இல் மாவட்டக் குழு அதன் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வாக்களித்தது. நீதிமன்றம் தலையிட்டதால் பள்ளி தொடர்ந்தது. உயர்ந்த தேர்ச்சி உள்ள பள்ளியின் கணக்கு நேராக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? என் கணிப்பில் மிகவும் நம்பத்தக்கவை பாஸ்டன் நகரில் நடந்த குலுக்கல் ஆய்வுகள். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பினரும் விண்ணப்பித்தவர்களே என்பதால் ஒப்பீடு நியாயமானது. 2021இல் பொருளாதார நோபல் பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் உட்பட ஐவர் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளின் கணிதத்தைப் பெரிய அளவில் உயர்த்தியது தெரிந்தது. ஆனால் பின்னர் வந்த இன்னொரு ஆய்வில், அதே மாநிலத்தில் நகர்ப்புறங்களுக்கு வெளியே உள்ள சார்ட்டர் பள்ளிகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களை ஆராய்ந்தபோது, கணிதத்தில் 17 சதவீதச் சார்ட்டர் பள்ளிகள் வழக்கமான பள்ளிகளை மிஞ்சின. 37 சதவீதம் பின்தங்கின. மற்றவற்றில் வேறுபாடு இல்லை. 2015இல் 41 நகரப் பகுதிகளை மட்டும் பார்த்தபோது படம் மாறி, நகரச் சார்ட்டர் பள்ளிகள் முன்னே நின்றன. இதில் உறுதியானது, நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளுக்குச் சில சார்ட்டர் பள்ளிகள் உண்மையிலேயே நிறையச் செய்கின்றன என்பது. ஐயத்துக்குரியது, அந்தப் பலனை உங்கள் தெருமுனைப் பள்ளிக்கும் நீட்டிக்கொள்வது. குலுக்கல் ஆய்வு, விண்ணப்பங்கள் குவியும் பள்ளிகளில் மட்டுமே நடக்கும். இடம் காலியாக இருக்கும் பள்ளி அந்த ஆய்வுக்குள் வரவே வராது. 'இத்தனை நாள் கூடுதலாகக் கற்றதற்குச் சமம்' என்று கிரெடோ மொழிபெயர்க்கும் முறையையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பெண் வித்தியாசத்தை நாட்களாக மாற்றும்போது சிறியது பெரிதாகத் தோன்றும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டும் இதில்தான் வந்து முடிச்சிடுகின்றன. கலிபோர்னியா 2013 முதல் ஒரு சூத்திரப்படி பணம் தருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடிப்படைத் தொகை. 2023-24இல் ஏழு, எட்டாம் வகுப்புக்கு அது பத்தாயிரம் டாலரைச் சற்றே தாண்டியது. ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புக் குடும்பத்தில் வாழ்வோர் ஆகியோரின் பங்குக்கேற்ப அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் வரை கூடும்; ஒரே பிள்ளை இரண்டு பிரிவில் வந்தாலும் ஒருமுறைதான் கணக்கு. அந்தப் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு 65 சதவீதம் என்ற விகிதத்தில் இன்னொரு தொகை. சார்ட்டர் பள்ளிக்கு மட்டும் ஒரு கடிவாளம்: இந்த இரண்டாம் தொகையைக் கணக்கிடும்போது, தான் இருக்கும் பள்ளி மாவட்டத்தின் பங்கைவிட அதிகமாகக் காட்ட முடியாது. அடிப்படை 10,000 என்றும், மாவட்டத்தின் பங்கு 75 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், 85 சதவீத ஏழைப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்குத் தலைக்கு 10,000, அதன்மேல் 1,700, அதன்மேல் 1,300 (75இல் 55 போக மீதி 20; அதற்கு 65 சதவீத விகிதம்), ஆக 13,000 டாலர் வரும்.

பெயர்ப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பணம் வராது. அன்றாடம் வந்து உட்கார்ந்தவர்களின் சராசரிக்குத்தான் வரும். 190 பேரில் வருகை 92 சதவீதம் என்றால் 175 பேருக்கான பணம். மற்ற பதினைந்து பேருக்கான 1,95,000 டாலர் இல்லை. ஆனால் அவர்களுக்கும் ஆசிரியர் வேண்டும், நாற்காலி வேண்டும். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021-22இல் மாநிலத்தில் பத்தில் மூன்று பிள்ளைகள் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிட்டார்கள். அந்த ஆண்டு காலை ஒன்பது மணிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பதுதான் என் முதல் வேலை. அக்கறையால் அழைத்தேன். சம்பளப் பட்டியலை நினைத்தும் அழைத்தேன்.

பள்ளி மாவட்டத்துக்குப் பிள்ளைகள் குறைந்தால் முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையை வைத்துப் பணம் வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சார்ட்டர் பள்ளிக்கு அந்த மெத்தை இல்லை; நடப்பு ஆண்டின் வருகைதான் கணக்கு. ஆகஸ்ட்டில் பத்துப் பிள்ளைகள் குறைந்தால் 1,30,000 டாலர் போகிறது, அதாவது சலுகைகளோடு சேர்த்து ஓர் ஆசிரியரின் சம்பளம். இதனால்தான் சின்னப் பள்ளிகளில் முதலில் ஓவியமும் இசையும் போகின்றன, பிறகு ஆலோசகர் போகிறார். கட்டடமும் தனிச் சுமை. 2000இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட சட்டப்படி, தகுதியுள்ள சார்ட்டர் பள்ளிக்கு மாவட்டம் இடம் தர வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்க வேண்டும், பெரும்பாலும் இன்னொரு பள்ளியோடு ஒரே வளாகத்தைப் பகிர வேண்டும். தனி இடம் எடுத்தால் ஓக்லண்ட் வாடகை. ஏழைப் பிள்ளைகள் 55 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளுக்கு வாடகையில் முக்கால் பங்கு வரை ஈடுகட்டும் மாநில மானியம் ஒன்று உண்டு, தலைக்கு இவ்வளவுதான் என்ற வரம்போடு. எங்கள் பள்ளி உயிரோடு இருந்தது அதனால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளை சார்ட்டர் பள்ளிக்குப் போனால் அதன் பணமும் போகிறது. ஆனால் மாவட்டப் பள்ளியின் கூரைச் செலவும் பேருந்துச் செலவும் ஓய்வூதியச் சுமையும் அதே அளவில் குறைவதில்லை. ஓரிகான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இதனால் ஓக்லண்ட் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 5 கோடியே 73 லட்சம் டாலர் நிகர இழப்பு என்று கணக்கிட்டது. அந்தத் தொகையை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டு வாடகை தாங்காமல் நகரை விட்டுப் போன குடும்பங்களும், மாவட்டம் காலத்தில் எடுக்காத முடிவுகளும் அந்தப் பள்ளத்தில் சேர்ந்திருக்கின்றன. 2003இலேயே அந்த மாவட்டம் மாநிலத்திடம் 10 கோடி டாலர் கடன் வாங்கி நிர்வாகத்தையும் இழந்தது. அன்று சார்ட்டர் பள்ளிகள் இவ்வளவு இல்லை. ஆனால் இழப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. இருபுறமும் ஏழைப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்பதுதான் இதில் என்னை வருத்துவது. இந்தச் சண்டையைத் தீர்க்கும் பொறுப்பை உங்கள் மகள் தலையில் ஏற்றாதீர்கள்.

ஆகவே, அவள் பின்தங்கிவிடுவாளா? பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஏழை என்பதால் பின்தங்க மாட்டாள். ஆசிரியர் ஆண்டின் நடுவில் போனால் பின்தங்குவாள். ஏழாம் வகுப்பிலேயே அவள் பாடத்தைத் தாண்டி ஓடினால், 190 பேர் பள்ளியில் அவளுக்கென்று உயர்நிலைக் கணித வகுப்பு வைக்க ஆள் இருக்காது. இதைச் சிறிய பள்ளிகள் ஒப்புக்கொள்ளத் தயங்கும், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முன்னறிவிப்போடு, போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்புக் கணிதப் பாடத்தில் இருபது நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். கரும்பலகையைப் பார்க்க வேண்டாம், தவறாகப் போட்ட ஒரு பிள்ளையிடம் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அலுவலகத்தில் கடைசித் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், அது பொது ஆவணம். கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குப் போதும், ஒப்பந்தம் எந்த ஆண்டில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும் முன் அந்த ஆண்டு வந்தால், அதைப் பற்றித் தலைமையாசிரியரிடம் நேரடியாகப் பேசுங்கள்.

எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். நம்மவர்கள் பலர், மகளைத் தனித் தேர்வுக்கு உட்படுத்துவார்களோ என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். சேர்ந்த முப்பது நாட்களுக்குள் ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அவள் நன்றாக எழுதினால் அதோடு முடிந்தது. இன்னும் தேவை என்று தெரிந்தால் அவளுக்குத் தினமும் கூடுதல் ஆங்கிலப் பாடம் சட்டப்படி கிடைக்கும், அவள் பெயரில் பள்ளிக்குக் கொஞ்சம் பணமும் வரும். உணவு எல்லோருக்கும் இலவசம் ஆகிவிட்டதால் வருமானப் படிவத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அதையும் நிரப்பிக் கொடுங்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அந்தக் காகிதங்களுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான்.